அப்பாரு சொன்ன துணி ரோடு

திருப்பூர் என்றால் கொடி காத்த குமரன் நினைவுக்கு வருவார். 1932 ஜனவரி 10-ஆம் தேதி போலீஸ் தடியடியில் விழுந்து, மறுநாள் உயிர்விட்ட அந்த இளைஞரின் பெயரைச் சொல்லியே இந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்ந்தோம். அதற்குப் பத்துப் பதினோரு ஆண்டுகள் கழித்து, இதே ஊரிலிருந்தும் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தும் ஆட்கள் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர ரயில் ஏறினார்கள். அவர்களைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. போய்வந்தவர்களும் அதிகம் வாய் திறக்கவில்லை. எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) அவர்களில் ஒருவர்.

அவர் 1979-இல் காலமானார். அவர் பட்டாளத்தில் என்னதான் செய்தார் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் இரண்டு கதைகள் இருந்தன. பெரியப்பா சொன்ன கதையில் அப்பாரு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். அப்பத்தா சொன்ன கதையில் அவர் "மம்முட்டிப் பட்டாளத்துக்கு" மண் வெட்டப் போனார். அப்பாருவே சொன்ன மூன்றாவது கதை ஒன்றும் உண்டு. அதை யாரும் நம்பவில்லை. "பர்மாவுல துணிய விரிச்சு ரோடு போட்டோம் கண்ணு, அதுமேல லாரி லாரியா போச்சு" என்பார். பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். நாளெல்லாம் துணியோடு புழங்குகிற ஆட்களிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? கட்டிங் மேசையில் இருந்தவர்கள் அவருக்குத் "துணி ரோட்டுக்காரர்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைசி வரை அந்தப் பெயர் போகவில்லை.

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் கையில் நேரம் இருந்தது. மூன்று கதைகளில் எது உண்மை என்று தேடிப் பார்க்க உட்கார்ந்தேன். தேடிய வழியையும் கிடைத்ததையும் இங்கே எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் இப்படி ஒரு தாத்தா இருந்திருப்பார் என்பதால், மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் தேதியைப் பிடித்தேன். அப்பாரு பஞ்சுப் பேக்டரியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். சின்ன அத்தை பிறந்து மூன்றாம் மாதம் அவர் பட்டாளத்துக்குப் போனார் என்பதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அத்தை பிறந்தது 1943 சித்திரை. ஆக, அவர் போனது 1943 ஆடி வாக்கில். இந்த ஒரு கணக்கே பெரியப்பாவின் கதையை ஆட்டிவிட்டது. ஜப்பானியரிடம் சிங்கப்பூர் சரணடைந்தது 1942 பிப்ரவரி 15. அங்கே பிடிபட்ட சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்களிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் முதலில் உருவானது. பிறகு மலேயாத் தோட்டங்களிலிருந்த தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். சிங்கப்பூர் விழுந்தபோது அப்பாரு திருப்பூரில் பஞ்சு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் போனார் என்பதையும் அந்தத் தேதியே ஓரளவு சொல்கிறது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி வருவது நின்றது. சென்னை மாகாணம் அந்த அரிசியை நம்பியிருந்தது. 1943-இல் தானிய விலை ஏறிய ஏற்றத்தில் கூலிக்காரக் குடும்பங்கள் தவித்தன. பட்டாளத்தில் சாப்பாடு உண்டு, துணி உண்டு, மாதாமாதம் வீட்டுக்கு மணியார்டர் உண்டு. "மணியார்டர் வந்துதான் உங்கப்பனுக்குக் கஞ்சி ஊத்துனேன்" என்று அப்பத்தா சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்தச் சமயம் இந்தப் பகுதி இருந்த நிலையும் நினைவில் இருக்க வேண்டும். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சூலூரில் ராணுவ விமானத் தளத்துக்குத் தீ வைத்தார்கள். கோவை மில் தொழிலாளர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். அடுத்த வருடமே ஒருவர் அதே அரசின் பட்டாளத்துக்குப் போகிறார் என்றால் ஊர் என்ன பேசியிருக்கும்! பெரியப்பா பின்னாளில் காங்கிரஸ்காரர். தன் தகப்பனாரை நேதாஜியோடு சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் அந்த மனச்சங்கடம்தான் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதாகக் கிடைத்தது பதக்கம். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில், பழைய பட்டாக்களுக்கு அடியில், ஒரு துணி முடிச்சில் இரண்டு இருந்தன. ஒன்று ஆறு முனை நட்சத்திரம். நடுவில் கிரீடமும் மன்னர் ஆறாம் ஜார்ஜின் பெயரெழுத்துகளும், சுற்றிலும் "பர்மா ஸ்டார்" என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தன. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை நடந்த பர்மா போரில் பணி செய்தவர்களுக்குக் கொடுத்தது இது. இன்னொன்று வட்டமானது. ஒரு பக்கம் மன்னர் தலை, மறுபக்கம் இரட்டைத் தலைப் பறவைநாகத்தின் மேல் நிற்கும் சிங்கம். இது போரில் பணியாற்றிய எல்லாருக்கும் கொடுத்த 1939–45 போர்ப் பதக்கம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த அந்தப் போர்ப் பதக்கங்களில் பெயர் இருக்காது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு நான்கையும் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண்ணும் அப்பாருவின் பெயரும் இருந்தன, பெயரின் எழுத்துகளை அவர்களுக்குத் தோன்றியபடி போட்டிருந்தார்கள். கடைசியில் ஐ.பி.சி. என்று மூன்று எழுத்துகள். இந்தியன் பயனியர் கோர். அப்பத்தா சொன்ன மம்முட்டிப் பட்டாளம் அதுதான்.

ரோடு போடுவது, விமானத் தளம் சமன்படுத்துவது, சரக்கு ஏற்றி இறக்குவது, பாலத்துக்குத் தூக்கிக் கொடுப்பது என எல்லாம் பயனியர் கம்பெனிகளின் வேலை. 1939-இல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945-இல் 25 லட்சம் ஆனது. அதில் துப்பாக்கியோடு முன்னணியில் நின்றவர்கள் ஒரு பங்கு. அவர்களுக்குச் சோறும் குண்டும் போய்ச்சேர வழி செய்தவர்கள் இன்னொரு பெரும் பங்கு. 1857-க்குப் பிறகு, தென்னாட்டார் சண்டைக்கு ஆக மாட்டார்கள் என்று ஒரு கொள்கை வைத்து மதராஸ் ரெஜிமென்ட்களை ஆங்கிலேயர் படிப்படியாகக் கலைத்தார்கள். ஆள் பற்றாக்குறை வந்ததும் அந்தக் கொள்கை காற்றில் போனது. மறுபடி தென்னாட்டிலிருந்து பெருமளவில் ஆள் எடுத்தார்கள்.

மூன்றாவது சான்று, என் பழைய தொழிலுக்கு நெருக்கமானது. அதே முடிச்சில் ஒரு கடிதம் இருந்தது. யாரோ எழுதப் படிக்கத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதச் செய்தது. சௌக்கியம், மணியார்டர் வந்ததா, எருமை ஈன்றதா என்ற விசாரிப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. எங்கிருந்து எழுதுகிறேன் என்று எழுதத் தணிக்கை அதிகாரிகள் விட மாட்டார்கள். ஆனால் உறையில் களத் தபால் நிலையத்தின் முத்திரை இருந்தது. அதில் ஊர்ப் பெயருக்குப் பதில் ஒரு எண் மட்டுமே இருக்கும். எந்த எண் கொண்ட நிலையம் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று தபால் வரலாற்று ஆர்வலர்கள் பட்டியல் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில், 1945 தொடக்கத்தில் அது மேல் பர்மாவில், 14-ஆம் ராணுவத்தின் பகுதியில் இருந்தது தெரிந்தது.

14-ஆம் ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம். அவர் 1956-இல் "டிபீட் இன்டு விக்டரி" என்ற தன் போர் நினைவுகளை வெளியிட்டார். அந்தப் புத்தகத்தை வரவழைத்துப் படித்தேன். அப்பாருவின் மூன்றாவது கதைக்கு விடை அதில் இருந்தது.

1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியர் தோற்றுப் பின்வாங்கினார்கள். 14-ஆம் ராணுவம் அவர்களைத் துரத்திக்கொண்டு, மணிப்பூர் எல்லையில் உள்ள தமு என்ற ஊரைக் கடந்து, கபாவ் பள்ளத்தாக்கு வழியாக சிண்ட்வின் ஆற்றங்கரையில் உள்ள கலேவாவுக்குப் போனது. டிசம்பரில் அங்கே 1,154 அடி நீளத்துக்குப் பெய்லி பாலம் போட்டார்கள். உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அன்றைக்கு அதுதான். ஆனால் பாலம் வரைக்கும் போய்ச் சேர ரோடு வேண்டுமே? வெறும் மண் ரோடு மே மாத மழையில் சேறாகிவிடும். ஜல்லி போடலாம் என்றால் அந்தப் பக்கத்தில் கல் கிடைக்கவில்லை. தலைமைப் பொறியாளர் ஹேஸ்டட் ஒரு வழி கண்டார். மண்ணை நன்றாகச் சமன்செய்து, இறுக்கி, ஓரத்தில் வடிகால் வெட்டி, அதன்மேல் தாரில் தோய்த்த சணல் துணியைப் பட்டை பட்டையாக, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் ஏறும்படி விரித்தார்கள். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குகிற மாதிரி. தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓரத்துக்கு ஓடிவிடும். அதற்கு "பிட்ஹெஸ்" என்று பெயர். நூறு மைலுக்கு மேல் இப்படிப் போட்டார்கள். மழைக்காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் வண்டிகள் வரை அதைத் தாங்கியது என்று ஸ்லிம் எழுதுகிறார்.

துணியில்தான் ரோடு போட்டிருக்கிறார்கள்! அதன்மேல்தான் லாரிகள் போயிருக்கின்றன!

நெசவும் பின்னலும் தெரிந்த நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி. வானத்திலிருந்து சரக்குப் போடப் போதுமான பாராசூட் கிடைக்காதபோது, கல்கத்தா சணல் ஆலைகளில் சணலிலேயே பாராசூட் செய்து வாங்கினார் ஸ்லிம். "பாராஜூட்" என்று பெயர் வைத்தார்கள். வழக்கமான பாராசூட்டுக்கு 20 பவுனுக்கு மேல் ஆகும், இது ஒரு பவுனைச் சற்றே தாண்டியது.

இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. அப்பாரு 1946-இல் திரும்பியபோது உடம்பெல்லாம் மஞ்சளாக இருந்ததாம். காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாளாம் அப்பத்தா. அந்தப் பக்கம் மலேரியாவுக்குப் பேர்போனது. 1943-இல் காயத்தால் ஒருவர் களத்திலிருந்து திரும்பினால் நோயால் 120 பேர் திரும்பினார்கள் என்பது ஸ்லிம் தரும் கணக்கு. அதனால் எல்லாரும் தினம் மெபாக்ரின் மாத்திரை விழுங்கியே ஆகவேண்டும் என்று உத்தரவு. அந்த மாத்திரை தோலை மஞ்சளாக்கும். மாத்திரையை நிறுத்தினால் நிறம் மெல்லத் திரும்பிவிடும். கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்தது!

அதிகாரபூர்வ ஆவணத்துக்கும் எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் பணிப் பதிவேட்டை 25 ஆண்டுகள் மட்டுமே வைத்திருப்பது ராணுவ விதி. போருக்காக எடுத்து, போர் முடிந்ததும் விடுவித்த அப்பாரு போன்றவர்களின் காகிதங்கள் எழுபதுகளிலேயே போய்விட்டன. ஆனால் "லாங் ரோல்" என்ற நீண்ட பெயர்ப் பேரேடு நிரந்தரமாக இருக்கும். எண் தெரிந்தால் அதில் தேட முடியும். எண் எங்கே இருக்கிறது? பதக்கத்தின் விளிம்பில்.

ஆகவே உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நட்சத்திரத்தில் வெள்ளி கிடையாது, பத்து ரூபாய்கூடப் பெறாது. விளிம்பைத் துடைத்து எண்ணை எழுதி வையுங்கள். பழைய உறைகளின் முத்திரையைப் பாருங்கள். போனவர் திரும்பி வரவில்லை என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் போட்டுத் தேடலாம். தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம்கூடப் பல பதிவுகளில் உண்டு. கோஹிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சுவரில் இருக்கின்றன. கல்லறை இல்லாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் யாங்கூன் அருகே தவுக்யானில் இருக்கின்றன. அந்தப் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர்.

பெரியப்பா மகனிடம் இதையெல்லாம் காட்டினேன். நெடுநேரம் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ நேதாஜி படைக்கு எதிர்ப்பக்கம் நம்ம அப்பாரு இருந்திருக்கார்" என்றான். ஆமாம். 1944-இல் மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவம் கொடி ஏற்றியது. அதே மணிப்பூர் வழியாகத்தான் அப்பாரு தமுவுக்குப் போயிருக்க வேண்டும். நாட்டுக்காக அந்தப் பக்கம் நின்றவர்களின் பெருமை இதனால் குறையாது. வீட்டில் உலை கொதிக்கவேண்டுமே என்று இந்தப் பக்கம் மம்முட்டி பிடித்தவரை மறைத்து வைக்கவும் வேண்டியதில்லை.

அவரைத் துணி ரோட்டுக்காரர் என்று கூப்பிட்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், தொண்ணூறை நெருங்குகிறார். ஸ்லிம் எழுதிய பக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "தார்ல முக்குன துணின்னு சொல்லியிருந்தா நம்பியிருப்போமுங்க. அவரு வெறும் துணின்னாரு" என்றார்.