இந்தியாவில் ஒரு நடுத்தர ஹோட்டல் அறை: அதற்குப் பின்னால் 700 வருடக் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பாடசாலை விடுமுறை தொடங்கினால் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களின் தொகை கூடிவிடும். கண் ஒபரேஷன், பிள்ளைப்பேறு வைத்தியம், கல்யாண உடுப்பு, சிலருக்கு வியாபாரம். போகுமுன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "சேர், எந்த ஹோட்டல் நல்லம்?"

பெயர் சொல்லி நான் யாரையும் அனுப்புவதில்லை. ஆனால் வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால், இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பது தெரியும். நாளைக்கு 2,000 முதல் 4,000 இந்திய ரூபாய் வரை கொடுத்து நாம் தங்கும் அந்த அறை எங்கிருந்து வந்தது? வாசலில் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்? ஏன் சிலரை எடுக்கிறார்கள், சிலரைத் திருப்பி அனுப்புகிறார்கள்?

தண்ணீரை எப்படிக் கொடுத்தார்கள்?

இப்னு பதூதாவை எங்கள் பிள்ளைகளுக்கு பாவா ஆதம் மலை ஏறியவர் என்று தெரியும். அவர் 1344இல் இலங்கைக்கு வருமுன்பு மலபார்க் கரையில் நீண்ட தூரம் பயணம் செய்தார். அங்கே அரை மைலுக்கு ஒன்றாக மரத்தால் கட்டிய வீடுகள் இருந்ததையும், வழிப்போக்கர்கள் எல்லோரும், இந்துவானாலும் முஸ்லிமானாலும், அங்குள்ள திண்ணைகளில் இளைப்பாறியதையும் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு. கிணற்றுக்கு ஒரு பொறுப்பாளர். வந்தவர் இந்து என்றால் பாத்திரத்தில் தண்ணீர். முஸ்லிம் என்றால் கையில் ஊற்றுவார்கள்.

இந்த ஒரு செய்தியில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. தாகத்தோடு வந்த யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே பாத்திரமும் கிடைக்கவில்லை. இராத் தங்குவதற்கு முஸ்லிம் பயணிகள் அந்தக் கரையில் குடியிருந்த முஸ்லிம்களின் வீடுகளைத்தான் நாடினார்கள். அந்த வீட்டுக்காரர்களே சாமான் வாங்கிச் சமைத்தும் கொடுத்தார்கள். இந்தியத் தங்குமிட வரலாறு முழுவதிலும் இந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்தே நடந்து வருகின்றன.

ஷேர் ஷாவின் சராய்

அடுத்தது வடக்கே. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா சூரி வெறும் ஐந்து வருடத்தில் செய்தது ஆச்சரியமானது. வங்காளத்திலிருந்து சிந்து நதி வரை போன பெருவழியிலும் மற்ற வீதிகளிலும் இரண்டு கோஸ் தூரத்துக்கு ஒரு சராய் கட்டுவித்தார். ஒரு கோஸ் ஏறக்குறைய இரண்டு மைல். மொத்தம் 1,700 சராய்கள் என்று அக்பர் காலத்தில் எழுதிய அப்பாஸ் கான் சர்வானி சொல்கிறார்.

நடுவில் செங்கல் பள்ளிவாசல், கிணறு, இமாம், முஅத்தின், காவலர்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி அறைகள். இந்துப் பயணிகளுக்குச் சுடுதண்ணீர், குளிர்ந்த தண்ணீர், படுக்கை, சாப்பாடு, குதிரைக்குத் தானியம் எல்லாம் கொடுக்கப் பிராமணர்களை நியமித்தார்கள். செலவு அரசாங்கத்துடையது. வழிப்போக்கர், அதாவது இப்னுஸ் ஸபீல், ஸக்காத் பெறத் தகுதியுள்ள எட்டுக் கூட்டத்தாரில் ஒருவர் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பாரம்பரியத்தில் வந்த ஓர் ஆட்சியாளர், தன் மார்க்கத்தைச் சேராத பயணிக்கும் அவருடைய முறைப்படி ஏற்பாடு செய்தார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

தஞ்சாவூரின் சத்திரம்

தமிழ்நாட்டுப் பக்கம் சராய்க்குப் பதிலாகச் சத்திரம். மதுரையில் ராணி மங்கம்மாளின் பெயரில் இன்றும் சத்திரம் இருக்கிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜியின் கதை. ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காக அவருடைய முன்னோர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டியிருந்தார்கள். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தை 1802இல் அவரே கட்டினார்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1801இல், சத்திரங்களின் வருமானத்தில் கை வைக்க வேண்டாம் என்று தஞ்சாவூரில் இருந்த பிரித்தானிய ரெசிடென்டுக்குக் கடிதம் எழுதினார். அதில் அவர் விவரிப்பது இதுதான்: உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று எந்தச் சாதியாரானாலும் சாப்பாடு உண்டு. ஜோகிகளுக்கும் உண்டு, பக்கீர்களுக்கும் உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவருக்கு அரிசியாகக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு ஆசிரியர் இருக்கிறார். நோயாளிக்கு வைத்தியர் இருக்கிறார். வழியில் நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து, குணமாகும்வரை பார்ப்பார்கள். கர்ப்பிணிகளையும் அப்படியே. இறந்துபோனால் அவரவர் முறைப்படி இறுதிக் கிரியை.

எல்லாச் சத்திரமும் இப்படி இருக்கவில்லை. ஒரு சாதியாருக்கு மட்டும் என்று எழுதிவைத்த சத்திரங்களும் நிறைய இருந்தன. ஆனாலும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓடும் நமக்கு, 200 வருடத்துக்கு முன் அந்த வழியில் இப்படியொரு ஏற்பாடு இருந்தது என்பது சின்ன விஷயமல்ல.

பதிவேடு எப்போது வந்தது?

லொட்ஜ் வாசலில் பெரிய கொப்பி ஒன்றை நீட்டி, பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் எழுதச் சொல்வார்கள். இதன் வேரைத் தேடினால் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டத்தில் போய் நிற்போம். 1857 எழுச்சி முடிந்து பத்து வருடம். சராய் நடத்துபவர் மாஜிஸ்திரேட்டிடம் பதிய வேண்டும். கேட்டால், முந்திய நாள் யார் யார் தங்கினார்கள் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். தொற்றுநோயாளி இருந்தால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும்.

அதே சட்டம் பயணிக்கு நன்மையான கடமைகளையும் விதித்தது. அறை, விறாந்தை, கான், கிணறு சுத்தமாக இருக்க வேண்டும். காவலாளி வேண்டும். கட்டண விபரத்தை எல்லோருக்கும் தெரியும்படி தொங்கவிட வேண்டும். இன்று ரிசப்ஷனுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் விலைப்பட்டியல் புதிய விஷயமல்ல.

ஆக, ஷேர் ஷா காலத்தில் விருந்தாளியாக இருந்த பயணி, வெள்ளைக்காரன் காலத்தில் கண்காணிக்கப்பட வேண்டியவராகவும் ஆகிவிட்டார்.

லொட்ஜ் பிறந்த கதை

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வீதியோரம் டாக் பங்களா இருந்தது. சமையலுக்கு ஒரு கான்சாமா, காவலுக்கு ஒரு சௌகிதார். எங்கள் நாட்டு ரெஸ்ட் ஹவுஸின் சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணக்காரருக்கு 1903இல் பம்பாயில் தாஜ்மஹால் ஹோட்டல் வந்தது. ரயில் நிலையங்களில் இந்துவுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிமுக்கு ஒரு தண்ணீர் என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். மலபார்க் கிணற்றடியில் நடந்ததே ரயிலடிக்கும் வந்துவிட்டது.

இடையில் இருந்த மக்களுக்கு, அதாவது கிளாக்கருக்கும் சிறு வியாபாரிக்கும் வாத்தியாருக்கும், இடம் தேவைப்பட்டது. அங்கேதான் 'போர்டிங் அண்ட் லொட்ஜிங்' பிறக்கிறது. சென்னையில் உடுப்பியைச் சேர்ந்த கிருஷ்ணராவ் 1930களின் இறுதியில் தொடங்கிய உட்லண்ட்ஸ் இதில் முக்கியமான பெயர். சாப்பாட்டுக் கடையும் தங்கும் அறையும் ஒரே கூரையின் கீழ் வந்தன. தமிழ்நாட்டில் இன்றும் 'ஹோட்டல்' என்றால் பலருக்குச் சாப்பாட்டுக் கடை, தங்குவதற்கு 'லொட்ஜ்'. எங்கள் ஊரிலும் ஹோட்டல் என்றால் தேத்தண்ணிக் கடைதானே!

எங்கள் மூத்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, அப்படியே ரயிலில் சென்னைக்குப் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்தப் பாதை ஓடியது. மண்ணடி, பெரியமேடு, திருவல்லிக்கேணி என்று பள்ளிவாசலும் ஹலால் சாப்பாடும் பக்கத்தில் உள்ள பகுதிகளில் எங்கள் ஆட்கள் தங்குகிற பழக்கம் இன்றும் தொடர்கிறது. மலபாரில் முஸ்லிம் வீடுகளைத் தேடிப் போன பயணிகளை நினைத்துப் பாருங்கள். அதே காரணம்தான்.

இன்றைய அறை, உள்ளபடி

நல்லதை முதலில் சொல்கிறேன். அறை சின்னதாக இருந்தாலும் பெரும்பாலும் படுக்கை சுத்தம். வாளியும் கோப்பையும் இருப்பதால் வுழூவுக்குக் கஷ்டமில்லை. ரூம் போய் ஒருவரிடம் சொன்னால் இரவு பத்து மணிக்கும் கஞ்சி வாங்கி வருவார். நோயாளியோடு வந்திருப்பது தெரிந்தால் சக்கர நாற்காலி பிடித்து ஓட்டோவில் ஏற்றிவிடுவார்கள். சரபோஜி சத்திரத்தின் வாசனை இந்தப் பொடியன்மாரிடம்தான் மிஞ்சியிருக்கிறது.

இனிக் குறைகள். படத்தில் பெரிதாகத் தெரிந்த அறைக்கு யன்னல் இருக்காது. ஈர வாடை வரும். சுடுதண்ணீர் காலையில் மட்டும் வரும். வீதியில் ஹோர்ன் சத்தம் விடியும்வரை ஓயாது. ஒன்லைனில் தெரியும் '3 ஸ்டார்' பல நேரம் இந்தியச் சுற்றுலா அமைச்சு கொடுத்ததல்ல. அமைச்சின் தரப்படுத்தல் ஹோட்டல்காரர் விரும்பினால் மட்டும் கேட்டுப் பெறுவது.

இதெல்லாம் தாங்கக்கூடியவை. தாங்க ஏலாதது வேறு. ஒருமுறை உம்மாவின் கண் வைத்தியத்துக்காகப் போனபோது, ஒன்லைனில் பதிவு செய்து காசும் கட்டிய ஒரு ஹோட்டலில், இரவு 11 மணிக்கு எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் "ஃபாரினர் எடுக்கிறதில்லை சார்" என்றார்கள். உம்மா கதிரையில் இருந்தபடி "என்ன மகன், நாங்க என்ன செஞ்சோம்?" என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் எந்தக் கேள்வியும் இல்லாமல் அறை தந்தார்.

ஏன் இந்த வித்தியாசம்? இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். 'சி போர்ம்' என்று சொல்வது அதைத்தான். 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டத்தின் கீழ் நீண்டகாலம் இருந்த கடமை இது. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவுச் சட்டம் அந்த இடத்துக்கு வந்தது. அறிவிக்கும் கடமை மாறவில்லை. சட்டம் கேட்பது அறிவிப்பை. அந்த வேலைக்குப் பஞ்சிப்பட்டும் பொலிஸ் தொல்லைக்குப் பயந்தும் சிலர் கதவை மூடிவிடுகிறார்கள். 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு சென்னை லொட்ஜ்களில் இலங்கைக் கடவுச்சீட்டு பட்ட பாட்டை எங்கள் மூத்தவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் மட்டும் எந்தப் பிரஜைக்கும் ஹோட்டலில் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. கையில் ஊற்றிய தண்ணீரின் கதையை முடிக்க எழுதிய வரி அது. ஆனாலும் முஸ்லிம் பெயரைக் கண்டு அறை மறுக்கப்பட்ட செய்திகளை இந்தியப் பத்திரிகைகளே வெளியிட்டுள்ளன. அந்த வரியில் 'பிரஜை' என்று இருப்பதையும் கவனியுங்கள். நாம் அதற்கு வெளியே நிற்கிறோம்.

போகிறவர்களுக்கு

1. பதிவு செய்யுமுன் தொலைபேசியில் பேசி, "இலங்கைப் பாஸ்போர்ட், சி போர்ம் போடுவீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள்.
2. யன்னல் உண்டா, லிப்ட் உண்டா என்று கேளுங்கள். நோயாளிக்கு இது ஸ்டாரை விட முக்கியம்.
3. நாளைக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 வீதம். முன்பு 12. பில்லைப் பாருங்கள்.
4. 'செக் அவுட்' பகல் 12 மணியா, வந்த நேரத்திலிருந்து 24 மணித்தியாலமா என்று தெரிந்துகொள்ளுங்கள்.
5. அந்த ரூம் போய்க்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக எங்களைப் பற்றி. 2019க்குப் பிறகு அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து முகம் மாறுவதை நம் நாட்டிலேயே அனுபவித்தவர்கள் நாம். அது எப்படி வலிக்கும் என்று நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எங்கள் ஊரில் அனெக்ஸ் வாடகைக்கு விடும்போது, மாற்றலாகி வந்த சிங்கள டீச்சரோ தமிழ் தாதியோ கேட்டால் எத்தனை வீட்டில் சாவி கிடைக்கிறது? "எங்கட ஆக்களுக்கு மட்டும்" என்று சொல்லும் வீடுகள் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். சென்னையில் மூடிய கதவைப் பற்றிப் பேசும்போது, எங்கள் தெருவில் மூடியிருக்கும் கதவையும் பேசத்தான் வேண்டும். ஷேர் ஷா 480 வருடங்களுக்கு முன்பே இதைச் செய்து காட்டியிருக்கிறார்.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். ஹோட்டல்காரரின் பெயரைப் போட்டுத் திட்ட வேண்டாம். என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதினால் அடுத்து போகிறவருக்கு உதவும். வைத்தியத்துக்காகப் பயணத்தில் இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் சுகத்தைக் கொடுப்பானாக.