பெயர் சொல்லும் கருவிகள்

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக், டெபியனை அடியாகக் கொண்டு 2007இல் வெளியிட்ட இயங்குதளம் அது. வேம்பார் போன்ற கடலோர ஊரில், பழுதுபார்ப்பவர் அருகில் இல்லாத வீட்டில், மாணவியொருத்தி விசையை அழுத்தினால் கணினி தன் உறுப்புகளைத் தானே அறிந்தாக வேண்டும். அந்த அறிதலுக்கு ஒரு வரலாறு உண்டு.

1990களின் தொடக்கத்தில் புழங்கிய ஐஎஸ்ஏ அட்டைகள் பெரும்பாலும் தம்மை அறிவிக்கத் தெரியாதவை. கெர்னல் ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்து ஊகிக்கும். தவறான கதவைத் தட்டினால் எந்திரமே உறைந்துபோவதும் உண்டு. 1992இல் பிசிஐ வந்தபின் நிலை மாறியது. ஒவ்வொரு கருவியும் தயாரிப்பாளர் எண், சாதன எண் இரண்டையும் தன்னுள் சுமந்தது. இன்டெல்லின் எண் 8086. 1978இல் வெளிவந்த தன் சில்லின் பெயரையே அந்நிறுவனம் எண்ணாக வைத்துக்கொண்ட குறும்பை நாம் ரசிக்கலாம்.

மன்னார் வளைகுடாவில் முத்துகளைச் சல்லடைகளில் இட்டு அளவு பிரித்த வழக்கத்தை இதற்கு உவமை சொல்லத் தோன்றும். ஆனால் முத்து வாய் திறப்பதில்லை. அதன் தரத்தை வணிகர்தாம் சொல்ல வேண்டும். இங்கே கருவியே பேசுகிறது.

அப்பேச்சைக் கேட்பவர் யார் என்பதில்தான் 2003 முக்கியமாகிறது. கிரெக் குரோவா-ஹார்ட்மன் முன்வைத்த யூடெவ், அப்பொறுப்பின் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே கொணர்ந்தது. கருவி தென்பட்டதும் அதன் எண்களைக் கோத்த ஓர் அடையாளச் சரத்தைக் கெர்னல் அறிவிக்கிறது. எந்தச் சரத்துக்கு எந்த இயக்கி என்ற பட்டியல் முன்னரே வட்டில் எழுதப்பட்டிருக்கும். யூடெவ் அதனைப் பார்த்து உரிய மாட்யூலை ஏற்றுகிறது. வட்டைப் படிக்கும் இயக்கியே வட்டில் இருந்தால்? பெட்டியின் சாவி பெட்டிக்குள் இருந்த கதைதான். அதற்கெனவே தொடக்க இயக்கிகளைச் சுமந்த சிறு கோப்புத்தொகுதி ஒன்று முதலில் நினைவகத்தில் விரிக்கப்படுகிறது.

இதே சிக்கல் கம்பியில்லா இணைய அட்டையில் வேறு வடிவில் வந்தது. அட்டையின் பெயர் தெரியும், இயக்கியும் ஏறிவிடும். அட்டைக்குள் ஊட்ட வேண்டிய ஃபர்ம்வேர் கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் டெபியன் தன் நிறுவி வட்டில் அதைச் சேர்க்கவில்லை. அதை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அது வேண்டும். வேறு இணைப்பில்லாத கடலோர வீட்டில் கொள்கையின் விலை இதுதான். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இதனை மாற்றினர். 2023இல் வெளியான டெபியன் 12இன் நிறுவி வட்டில் ஃபர்ம்வேரும் இடம்பெற்றது. தூய்மைவாதிகளுக்கு வருத்தமே எனினும், நாம் வாக்களித்தவர்கள் பக்கம்.