சராசரியும் சிதறலும் பிறந்த கதை

1768 மார்ச் 27 அன்று கியோம் லெ ழான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக் கரையில் இறங்கினார். பிரான்சை விட்டுக் கிளம்பி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் தேடி வந்தது ஒரே ஒரு காட்சியை: சூரியனின் முகத்தைக் குறுக்காகக் கடந்து போகும் வெள்ளிக் கோள். 1761இலும் 1769இலும் அது நிகழும். தவறவிட்டால் மறுபடி 1874இல்தான்.

முதல் வாய்ப்பு ஏற்கெனவே கைநழுவியிருந்தது. 1761இல் அவருடைய கப்பல் இந்தியக் கரையை நெருங்கியபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட சேதி வந்தது, கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று ஆடும் கப்பல் தளத்தில் நின்றபடி வெள்ளியைப் பார்த்தார். நின்ற இடத்தின் தீர்க்கரேகை துல்லியமாகத் தெரியாததால் அந்தக் குறிப்பு எதற்கும் உதவவில்லை. 1763 உடன்படிக்கையில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப வந்தது. இடிந்து கிடந்த கோட்டையின் மிச்சத்தின் மேல் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் அவருக்கு ஒரு நோக்ககம் அமைத்துத் தந்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் தொலைநோக்கி அனுப்பினார்கள். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் வானத்தை மூடியது. வெள்ளி கடந்து போன பிறகே சூரியன் வெளியே வந்தது.

ஒரு மனிதரின் இந்தத் துயரம் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. நான் சொல்ல வந்தது அதன் மறுபக்கத்தை. ஒரு மேகம் ஒருவரின் எட்டாண்டு உழைப்பை அழித்துவிடும் என்றால், ஒருவரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இதற்காகத்தான் உலகெங்கும் பலரை நிறுத்திவைத்தார்கள். 1761இல் லெ ழான்தி கடலில் தவித்த அதே நாளில், சென்னை அரசு மாளிகையிலிருந்து வில்லியம் ஹர்ஸ்ட் என்ற பாதிரியார் வெள்ளியைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆனால் பலர் பார்த்தால் பல எண்கள் வரும். அந்தப் பல எண்களை என்ன செய்வது? பள்ளிப் புள்ளியியல் பாடத்தின் முதல் இரண்டு கருத்துகளான சராசரியும் சிதறலும் வளர்ந்து உருவானது இந்தக் கேள்வியால்தான்.

அவர்கள் தேடிய எண் ஒரு சிறு கோணம்: சூரியனிலிருந்து பார்த்தால் பூமியின் ஆரம் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது. அது தெரிந்தால் சூரியனின் தூரம் தெரியும். 1761இன் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டவர்களுக்கு 8.28 வினாடியிலிருந்து 10.60 வினாடி வரை விடைகள் வந்தன. (ஒரு பாகையில் 3,600 வினாடிகள்.) தூரமாக மாற்றினால் ஒரு முனையில் ஏறத்தாழ 15 கோடியே 89 லட்சம் கிலோமீட்டர்; மறுமுனையில் 12 கோடியே 41 லட்சம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் கிடைக்கும் வித்தியாசத்தைத்தான் இன்று வீச்சு என்கிறோம்.

எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் என்ன? இன்று இது இயல்பாகத் தோன்றுகிறது. அன்று அப்படி இல்லை. கவனமாக எடுத்த ஒரே ஒரு அளவு, பல அளவுகளின் சராசரிக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று பெயர்பெற்ற அறிஞர்களே வாதாடினார்கள். 1755இல் தாமஸ் சிம்சன் என்ற கணிதர் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதம் அதற்கு மறுப்பு. ஒருவர் கூடுதலாகத் தவறுவார், இன்னொருவர் குறைவாகத் தவறுவார். சேர்க்கும்போது தவறுகள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதைக் கணக்காகவே காட்டினார்.

1761இன் விடைகளைத் தொகுத்த ஜேம்ஸ் ஷார்ட் இன்னொரு சிக்கலைச் சந்தித்தார். புரிந்துகொள்ள வசதியாக நானே ஐந்து எண்கள் தருகிறேன்: 8.3, 8.5, 8.6, 8.7, 10.6. இவற்றின் சராசரி 8.94. ஐந்தில் நான்கு எண்கள் அதற்குக் கீழே கிடக்கின்றன! கடைசி எண் ஒன்றே சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஷார்ட் முதலில் எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தார். பிறகு அதிலிருந்து வெகுதூரம் விலகியவற்றை நீக்கிவிட்டு மறுபடி எடுத்தார். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுக்கும் இடைநிலை அளவுக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் ஐந்தில் அது 8.6. கடைசி எண் 10.6 ஆனாலும் 100 ஆனாலும் அது அசையாது.

மையம் கிடைத்தாயிற்று. சிதறலை எப்படி அளப்பது? இதற்கு நல்ல எடுத்துக்காட்டு புதுச்சேரியிலேயே இருக்கிறது. லெ ழான்தி இங்கே தமிழ்க் கணியர்களிடம் கிரகணக் கணக்கைக் கேட்டறிந்தார். சோழிகளை வைத்து அவர்கள் விரைவாகக் கணக்கிட்டதைப் பதிவு செய்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது.

விலகல்கள் −41, +68. இவற்றின் சராசரி +13.5. இரண்டு கணக்குகளும் ஏறக்குறையச் சரி என்பதுபோல் ஒரு தோற்றம். உண்மையில் இரண்டும் அதைவிட மிகவும் விலகியவை. மையத்துக்கு உதவிய அதே குணம், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்பது, சிதறலை அளக்கும்போது கெடுதலாகிறது. குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் 54.5. போஸ்கோவிச் 1750களில் பூமியின் வடிவத்தைக் கணிக்கப் போன பாதை அதுவே. இன்னொரு பாதை வர்க்கப்படுத்துவது: 1,681ம் 4,624ம், சராசரி 3,152.5, வர்க்கமூலம் சுமார் 56.1. 1805இல் லெழாந்தரும் 1809இல் காஸும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகச் சிறியதாக வரும் விடையே சிறந்தது என்ற முறையை வெளியிட்டார்கள். சராசரியிலிருந்து ஒவ்வொரு எண்ணும் விலகும் அளவை இப்படி வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காணக் கிடைக்கும் எண்ணுக்கு 1890களில் கார்ல் பியர்சன் பெயர் வைத்தார். நம் பாடநூல்களில் அது திட்ட விலக்கம். முன்பு பார்த்த ஐந்து எண்களுக்கு அது 0.84, 10.6ஐ நீக்கினால் 0.15. ஒரே எண்ணின் வேலை எவ்வளவு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

1769இல் அனுபவமும் கருவிகளும் கூடியதால் விடைகள் 8.43க்கும் 8.80க்கும் இடையே ஒடுங்கின. 1820களில் யோகான் என்கே வெள்ளி சூரியனைக் கடந்த இரண்டு நிகழ்வுகளின் குறிப்புகளையும் புதிய வர்க்க முறையால் சேர்த்து 8.58ஐ ஒட்டிய விடையைத் தந்தார். வானியலாளர்கள் பல பத்தாண்டுகள் அதை நம்பினார்கள். இன்று நாம் அறிந்த மதிப்பு 8.794. என்கேயின் சூரியன் ஏறத்தாழ 38 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றது. ஏன்? வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் கணத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு கருந்துளி இழுபடுவதுபோல் தெரியும். தொட்ட நேரம் எது என்று குறிப்பதில் எல்லோரும் தடுமாறினார்கள். நின்ற இடங்களின் தீர்க்கரேகைகளும் சரியில்லை. எல்லா அளவுகளையும் சேர்த்து ஒரே பக்கம் தள்ளும் தவறைச் சராசரி போக்காது. சிதறல் அளவும் காட்டாது.

ஆகவே எந்தச் சராசரியைப் பார்த்தாலும் அதன் சிதறல் எவ்வளவு, அளந்த முறை எது என்று கேட்க வேண்டும். இது தேர்வுத் தாளுக்கான பாடம் மட்டுமல்ல. புதுச்சேரியில் ஓர் ஆண்டில் சராசரியாக ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வாய்க்காலின் அகலத்தைச் சராசரியை மட்டும் பார்த்து முடிவு செய்கிற ஊர் மூழ்கும். மழையோ மதிப்பெண்ணோ சம்பளமோ, அரசும் பத்திரிகைகளும் சராசரியை அச்சிடும் இடத்திலெல்லாம் பக்கத்திலேயே சிதறலையும் அச்சிட வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை படிக்கிற நமக்கு உண்டு.