இனாம் பெட்டகமும் இரண்டாவது சாவியும்

நண்பர்களில் பலர் தங்கள் கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், பழைய சிறுபத்திரிகைகளின் நகல்கள் எல்லாவற்றையும் இப்போது 'மேக'த்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மேகம் என்பது பெயர்தான். இருப்பது வேறொருவரின் கட்டிடம், வேறொருவரின் இயந்திரம். இனாமாகக் கிடைத்த இடத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்ற சங்கோஜம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் பிறர் பொருளை வாங்கிக் காத்து வைக்கும் காரியத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு; அதில் இனாம் என்பதற்குப் பொறுப்பின்மை என்று அர்த்தம் இருந்ததில்லை.

1703இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. காக்ஸ் என்பவரின் பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்குக் கூலியில்லாமல் மாற்றித் தருவதாக பெர்னார்ட் என்பவர் ஏற்றுக்கொண்டார். பீப்பாய் உடைந்தது. கூலி வாங்கவில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. நம்பி ஒப்படைத்ததே போதும், வாங்கிக்கொண்டவர் கவனமாக இருந்தாக வேண்டும் என்றார் தலைமை நீதிபதி ஹோல்ட். நம் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவும், ஒப்படைத்த பொருளைச் சாதாரண விவேகமுள்ள ஒருவன் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கூலி வாங்கியவன், வாங்காதவன் என்று அது பிரிக்கவில்லை.

ஆனால் இவை பீப்பாய்க்கும் நகைக்கும் மூட்டைக்கும் எழுதப்பட்டவை. பீப்பாயைத் திருப்பிக் கொடுத்தவனிடம் பிறகு பீப்பாய் இல்லை. கோப்பு அப்படியல்ல. நாம் திருப்பி வாங்கிய பின்னும் அங்கே ஒரு பிரதி இருக்கலாம். அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

நான் வேலை பார்ப்பது வங்கியில். லாக்கருக்கு இரண்டு சாவிகள்: ஒன்று வங்கியிடம், மற்றது வாடிக்கையாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். உள்ளே இருப்பது நகையா, உயிலா, காதல் கடிதமா என்று எங்களுக்குத் தெரியாது. உள்ளே இருப்பது தெரியாது, ஆகவே பொறுப்பும் இல்லை என்று வங்கிகள் வெகுகாலம் வாதாடி வந்தன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், லாக்கர் விஷயத்தில் வங்கி கைகழுவிவிட முடியாது என்றது. அதே ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி விதி செய்தது: வங்கியின் அஜாக்கிரதையால் தீயோ திருட்டோ நேர்ந்தால், அல்லது ஊழியர் மோசடி செய்தால், வருஷ வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி தர வேண்டும். இந்தக் கணக்கை இனாம் இடத்துக்குப் போட்டால் வருவது பூஜ்யம். அவர்களுடைய ஒப்பந்த வாசகங்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன.

சாவி விஷயம் இதைவிட மோசம். பெரும்பாலான இனாம் சேவைகளில் கோப்புகள் சங்கேதமாக மாற்றப்பட்டுத்தான் இருக்கின்றன. ஆனால் இரண்டு சாவிகளும் அவர்களிடமே. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி கூகுள் ஒரு ஜிகாபைட் இடத்துடன் இனாம் அஞ்சலை அறிவித்தபோது, தேதியைப் பார்த்துக் கேலி என்று நினைத்தவர்கள் உண்டு. விளம்பரம் பொருத்துவதற்காக இயந்திரம் கடிதங்களைப் படித்தது மட்டும் கேலியில்லை. அதை நிறுத்துவதாக 2017இல்தான் சொன்னார்கள். 2021இல் சான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு தகப்பன், டாக்டருக்குக் காட்ட எடுத்த தன் குழந்தையின் படத்தை இயந்திரம் குற்றம் என்று குறித்தது. போலீஸ் அவர்மேல் தவறில்லை என்றது. மூடிய கணக்கைக் கம்பெனி திறக்கவில்லை.

அரசாங்கம் வந்து கேட்டால்? 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில், வங்கியிடம் இருக்கும் காசோலைகளும் பணம் கட்டிய சீட்டுகளும் வாடிக்கையாளரின் அந்தரங்கத் தாள்கள் அல்ல, வங்கியின் வியாபாரப் பதிவுகள் என்று தீர்த்தது. மூன்றாமவரிடம் கொடுத்தாயிற்று, அந்தரங்கம் போயிற்று என்பது இதன் சாரம். நம் உச்ச நீதிமன்றம் 2004இல் கனரா வங்கி வழக்கில் இந்த வழியில் போகவில்லை. அந்தரங்கம் மனிதரைச் சார்ந்தது, இடத்தைச் சார்ந்ததல்ல. தாள் வங்கிக்குப் போனாலும் அது கூடவே போகிறது என்றது. இது பெரிய வாக்கியம். ஆனால் நம் கோப்புகளைக் காக்கும் கம்பெனிகளில் பெரியவை அமெரிக்காவில் இருக்கின்றன.

2012 ஜனவரியில் மெகாஅப்லோட் சேவையை அமெரிக்க அரசு முடக்கியபோது, திருட்டுப் படங்களோடு நியாயமான கோப்புகளும் சிக்கிக்கொண்டன. ஆப்பிள் கம்பெனி 2022 டிசம்பரில் இரண்டாவது சாவியை உபயோகிப்பவர் கையிலேயே விட்டுவிடும் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் அரசு ரகசிய உத்தரவு பிறப்பித்ததாகச் செய்தி வந்தபின், 2025 பிப்ரவரியில் அந்த நாட்டில் புதிதாகக் கேட்பவர்களுக்கு அதை நிறுத்தியது. சாவி யாரிடம் என்பதுதான் விஷயம் என்று அரசாங்கங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். எழுதுகிறவனுக்கு அந்தரங்கம் என்பது குற்றமோ ரகசியமோ அல்ல. அடித்துவிட்ட வரி, அனுப்பாத கடிதம், இன்னும் தன்னுடையதென்று ஒப்புக்கொள்ளாத கருத்து. ஏற்றுவதற்கு முன் நாமே சங்கேதமாக்கிப் பூட்டலாம். இன்னொரு பிரதியை வீட்டில் வைக்கலாம். அது முடியாதவர்கள், பிரசுரத்துக்குத் துணியாத எதையும் அங்கே வைக்காமலிருப்பது நல்லது.