புள்ளி விழுந்த கிறிஸ்துமஸ்

1970 டிசம்பர் 24, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'பிவிட்ச்ட்' தொடரின் புதிய அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் இரண்டு சிறுமிகள் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டிய கோலத்தில் இருந்தார்கள். வெள்ளைக்காரச் சிறுமி தபிதாவின் முகமெங்கும் பெரிய பெரிய கறுப்புப் புள்ளிகள். கறுப்பினச் சிறுமி லிசாவின் முகமெங்கும் வெள்ளைப் புள்ளிகள். 'சிஸ்டர்ஸ் அட் ஹார்ட்' என்ற அந்த அத்தியாயத்தின் டைட்டிலில், கதை எழுதியவர் என்று ஒரு வகுப்பறையின் விலாசம் வந்தது: ஐந்தாம் பீரியட் ஆங்கிலம், அறை எண் 309, தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி.

'பிவிட்ச்ட்' 1964 செப்டம்பரில் தொடங்கிய குடும்ப நகைச்சுவைத் தொடர். 1972 வரை, எட்டு சீசன்களில் 254 அத்தியாயங்கள் ஓடியது. சமந்தா என்ற சூனியக்காரி, டேரின் என்ற சாதாரண மனிதனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். டேரினுக்கு விளம்பர நிறுவனத்தில் வேலை. மனைவி மந்திரம் எதுவும் செய்யாமல் அடுப்பும் துடைப்பமுமாக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் சமந்தா மூக்கைச் சுளித்தால் போதும், ஏதாவது நடந்துவிடும். சமந்தாவாக நடித்த எலிசபெத் மாண்ட்கோமரி உண்மையில் அசைத்தது மேலுதட்டைத்தான். பார்ப்பவர்களுக்கு அது மூக்காகத் தெரிந்தது. பொருள்கள் மறைவதும் தோன்றுவதும் இன்னும் எளிமை. கேமராவை நிறுத்துவார்கள், நடிகர்கள் கையைத் தூக்கியது தூக்கியபடி அசையாமல் நிற்பார்கள், உதவியாளர்கள் ஓடிவந்து பொருளை எடுத்துக்கொண்டு போவார்கள், கேமரா மறுபடி ஓடும்.

இந்த விளையாட்டுக்குள் கனமான ஒரு விஷயம் முதல் நாளிலிருந்தே இருந்தது. சமந்தாவின் அம்மா எண்டோராவுக்கு மருமகனைக் கண்டாலே ஆகாது. அவன் பேரைக்கூட ஒழுங்காகச் சொல்லமாட்டாள். காரணம், அவன் வேறு இனம். பிறப்பை மீறி நடந்த ஒரு கல்யாணம், அதை ஏற்க மறுக்கும் சொந்தபந்தம், தன் பிறப்பை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மூடி மறைத்து வாழும் ஒரு பெண். இதுதான் ஒவ்வொரு வாரமும் ஓடிய கதை. அந்தத் தொடர் தொடங்கிய வருஷத்தில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் மணந்துகொள்வது அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். 1967 ஜூனில்தான் 'லவ்விங்' வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை எல்லாம் தூக்கியெறிந்தது. ஆனாலும் தொடரில் பேச்சு சூனியக்காரிகளைப் பற்றியதாகவே இருந்தது. நிறம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்துவைத்தவர்கள் ஜெஃபர்சன் பள்ளிப் பிள்ளைகள்.

ஜெஃபர்சன், தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் பள்ளி. நோபல் அமைதிப் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான ரால்ஃப் பன்ச் படித்த இடம். 1960களின் கடைசியில் அதன் நிலைமை வேறு. 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் வெடித்த கலவரத்தில் 34 பேர் இறந்துபோயிருந்தார்கள். அந்தக் காயம் தெற்கு லாஸ் ஏஞ்சலஸ் முழுக்க ஆறாமல் கிடந்தது. பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்த மார்செல்லா சாண்டர்ஸ் என்ற இளம் ஆசிரியையின் மாணவர்களில் பலருக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை அளவுக்குத்தான் வாசிக்க வந்தது. அவர்களுக்குப் பிடித்ததிலிருந்து பாடத்தைத் தொடங்க நினைத்தார் அவர். பிடித்தது டிவி. 'பிவிட்ச்ட்' குழுவோடு தொடர்பு கொண்டு, பிள்ளைகளைப் படப்பிடிப்புத் தளத்துக்கே அழைத்துப் போனார்.

தொடரின் இயக்குநர் வில்லியம் ஆஷர், அப்போது எலிசபெத் மாண்ட்கோமரியின் கணவர். 1950களில் 'ஐ லவ் லூசி'யின் ஏராளமான அத்தியாயங்களை இயக்கிக் கை பழகியவர். அந்தத் தொடரில் லூசி பிள்ளை உண்டாகியிருந்த கதையைச் சொன்னபோது, 'கர்ப்பம்' என்ற சொல்லைச் சொல்ல சிபிஎஸ் தொலைக்காட்சி விடவில்லை. குடும்பத் தொடரில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்ற கோடு எவ்வளவு கண்டிப்பானது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வந்து பார்த்துவிட்டுப் போன பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 26 பேரும் சேர்ந்து ஓர் அத்தியாயத்தை எழுதி, கிறிஸ்துமஸ் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தடுமாறிய பிள்ளைகள் ஒரு முழுக் கதையைக் காகிதத்தில் இறக்கியிருந்தார்கள் என்பது எனக்கு அந்தத் தொடரின் எந்த மந்திரத்தையும்விடப் பெரிதாகப் படுகிறது. ஆஷருக்கும் மாண்ட்கோமரிக்கும் கதை பிடித்துப்போனது. பார்பரா ஆவடன் அதற்குத் திரைக்கதை எழுதினார். பின்னாளில் 'காக்னி அண்ட் லேசி'யை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர்.

கதை இது. டேரினின் அலுவலக நண்பர் கீத் வில்சனும் மனைவியும் வெளியூர் போவதால், அவர்கள் மகள் லிசா, சமந்தா - டேரினின் மகள் தபிதாவோடு தங்க வருகிறாள். இருவரும் அக்கா தங்கை என்று சொல்லிக்கொண்டு விளையாடுகிறார்கள். பூங்காவில் இன்னொரு பிள்ளை, நிறம் வேறாக இருந்தால் அப்படி இருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறது. தபிதாவும் மந்திரக்காரிதானே. இரண்டு பேர் மேலும் புள்ளியை வரவழைத்துவிடுகிறாள். ஆளுக்குப் பாதி நிறம், கணக்குச் சரி. அப்புறம் அந்தப் புள்ளிகள் போகமாட்டேன் என்கின்றன. அவை போவதை அடிமனதில் தபிதா விரும்பவில்லை, அதனால்தான் மந்திரம் முறியவில்லை என்று சமந்தா கண்டுபிடிக்கிறாள். புள்ளி இல்லாமலே அவர்கள் சகோதரிகள்தான் என்று புரியவைத்த பிறகே புள்ளிகள் மறைகின்றன. குழந்தையின் ஆசை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவர்கள் எழுதிய இடம் இது.

இன்னொரு பக்கம், பொம்மைக் கம்பெனி முதலாளி பிராக்வே. டேரின் கைக்கு வரவேண்டிய பெரிய வாடிக்கையாளர். டேரின் குடும்பம் எப்படிப்பட்டது என்று நோட்டம் பார்க்க வீட்டுக்கு வருகிறார். லிசாவைப் பார்க்கிறார், அவளும் தபிதாவும் சகோதரிகள் என்று கேள்விப்படுகிறார், டேரின் கறுப்பினப் பெண்ணை மணந்தவன் என்று முடிவு கட்டிக்கொண்டு, அவன் வேண்டாம் என்கிறார். விஷயம் வெளிவந்ததும் டேரினின் முதலாளி லாரி டேட் செய்வதுதான் இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் மதிக்கும் காட்சி. காசு கொடுக்கும் வாடிக்கையாளர் இரவைப் பகல் என்றால் ஆமாம் போடும் ஆள் லாரி. ஏழு சீசனாக ரசிகர்கள் அவரை அப்படியே பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அவர் அன்றைக்கு அந்த வியாபாரம் தேவையில்லை என்று சொல்கிறார். சமந்தாவின் மந்திரம் இல்லாமல், தானாகவே. இந்தத் திருப்பம் வேலை செய்வதற்கு அந்த மனிதனை வருஷக்கணக்காகக் கவனித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு சமந்தா மூக்கைச் சுளிக்க, பிராக்வேயின் கண்ணுக்கு அங்கிருக்கும் எல்லோரும், கடைசியில் அவரே, கறுப்பாகத் தெரிகிறார்கள். மறுநாள் கிறிஸ்துமஸ் காலையில் அவர் மன்னிப்புக் கேட்டு வருகிறார். சமந்தா அவரையும் விருந்துக்கு உட்காரச் சொல்கிறாள். வான்கோழியின் வெள்ளைக் கறியும் கருங்கறியும் சேர்ந்தே பரிமாறப்படும் என்று ஒரு வேடிக்கைப் பேச்சும் உண்டு.

1971இல் எம்மி விருது விழாவில் இந்த அத்தியாயத்துக்கு கவர்னர்ஸ் அவார்ட் கிடைத்தது. தன் தொடரிலேயே தனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று மாண்ட்கோமரி சொல்லியிருக்கிறார்.

இதை இன்று பார்க்கிறவர்களுக்கு ஒரு காட்சி உறுத்தும், உறுத்தவும் வேண்டும். பிராக்வேயின் பார்வையில் எல்லோரும் கறுப்பாகும்போது, வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரிய ஒப்பனை பூசித்தான் அதைக் காட்டினார்கள். கறுப்பின மக்களைக் கேலி செய்ய நூறு வருஷத்துக்கும் மேலாக அமெரிக்க மேடைகளில் பூசப்பட்ட பூச்சின் வாரிசு அது. நல்ல நோக்கம் இருந்தது என்பதால் அது சரியாகிவிடாது. ஆனால் அந்தக் காட்சியில் யார் கேலிக்கு உள்ளாகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பழைய மேடையில் சிரிப்பு கறுப்பு முகத்தைப் பார்த்து எழுந்தது. இங்கே, கறுப்பு முகத்தைப் பார்த்துப் பதறும் வெள்ளைக்காரரைப் பார்த்து எழுகிறது. எந்தக் கண்ணுக்கு வைத்தியம் வேண்டும் என்பதில் அறை 309இன் பிள்ளைகளுக்குக் குழப்பமே இருக்கவில்லை.