புரையேறினால் யாரோ நினைக்கிறார்களா?



புரையேறினால் தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்பார் என் தாயார். இரண்டு ஆண்டுகளாக என் துணைவியாருக்கு அடிக்கடி புரையேறியபோது நானும் அதையே சொல்லிச் சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். 1823-இல் பிரெஞ்சு ஆட்சியாளர் நம் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினர். அதன் வழிவந்ததுதான் 1964-இல் திறக்கப்பட்ட ஜிப்மர். இன்று அங்கே அணு மருத்துவத் துறையும் உண்டு. அந்தத் துறைக்கு வித்திட்டவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே.

1896, பாரிஸ். யுரேனிய உப்பின் மீது வெயில் பட்டால் எக்ஸ் கதிர் வருமா என்று ஆராய்ந்தார் ஆன்ரி பெக்கரல். வானம் மூட்டமாக இருந்ததால் உப்பையும் புகைப்படத் தகட்டையும் இழுப்பறையில் வைத்துவிட்டார். பின்பு கழுவிப் பார்த்தால், வெயிலே படாமல் தகட்டில் தடம் பதிந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது கதிரியக்கம்.

1937-இல் டெக்னீசியம் என்ற தனிமம் கண்டறியப்பட்டது. அதன் ஒரு வகை 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே ஸ்கேனுக்கு ஏற்றது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஹால் ஆங்கர் காமா கேமராவை உருவாக்கினார். இந்தியாவில் 1963-இல் மும்பையில் கதிர்வீச்சு மருத்துவ மையம் தொடங்கியது.

தைராய்டு ஸ்கேனுக்காக ஊசியில் செலுத்தும் டெக்னீசியத்தை உமிழ்நீர்ச் சுரப்பிகளும் எடுத்துக்கொள்ளும். அந்த உமிழ்நீரை விழுங்கும்போது உணவுக்குழாய் படத்தில் கோடாகத் தெரியும். தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் கோடு மறைந்துவிடும். மறையாமல் நின்றால், விழுங்குவதில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

துணைவியாருக்குத் தண்ணீர் குடித்தும் கோடு மறையவில்லை. மருத்துவர் கேட்டார்: "அம்மா, சாப்பிடும்போது புரையேறுதா?" அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலைகுனிந்தேன்.

பிறகு பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாயின் கீழ்முனை சரியாகத் திறக்கவில்லையாம். தைராய்டைப் பார்க்கப் போய் இது தெரிந்தது. சிகிச்சை நடக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவன் நான். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததைக் கவனிக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அடிக்கடி புரையேறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

யாரோ நினைப்பது இருக்கட்டும். முதலில் நாம் அவர்களை நினைப்போம்.