எதை எடுத்துச் செல்வது?

சில மாதங்களுக்கு முன் எம் பங்கைச் சேர்ந்த குடும்பத்தலைவர் ஒருவர், திருமுழுக்குச் சான்றிதழ்களும் திருமணச் சான்றிதழும் கேட்டுப் பங்கு இல்லத்திற்கு வந்தார். மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் கனடா நாட்டில் நிலையாகக் குடியேறப் போகிறார். அவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. விமானத்தில் உடன் கொண்டுசெல்லும் பெட்டிகள் எத்தனை, கப்பலில் அனுப்ப வேண்டியவை எவை, விற்க வேண்டியவை எவை, உறவினருக்குக் கொடுக்க வேண்டியவை எவை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். குளிர்கால உடைகளுக்கு ஒரு பக்கம். பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு பக்கம். பத்திரங்களுக்கு ஒரு பக்கம். அவருடைய தாயாரும் உடன் வந்திருந்தார். மகன் பேசி முடித்ததும் அந்த அம்மா மெல்லக் கேட்டார்: "சாமி, எனக்கும் ஒரு சான்றிதழ் வேணுமா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டார். தாயார் உடன் செல்வதா, ஊரில் தங்குவதா என்பது அந்த நோட்டின் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வீட்டையும் வாழ்வையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் குடும்பம் எதை எடுத்துச் செல்ல வேண்டும்? இக்கேள்வி புதியதன்று. எகிப்தை விட்டு அவசரமாக வெளியேறிய இஸ்ரயேல் மக்கள் புளிப்பேறாத மாவைப் பாத்திரத்தோடு தோளில் சுமந்து சென்றனர். மோசேயோ யோசேப்பின் எலும்புகளை மறவாமல் எடுத்துச் சென்றார். நாளைய உணவும் நேற்றைய நினைவும் ஒரே பயணத்தின் சுமைகளாயின. அண்மைக்கால வரலாற்றிலும் நாம் ஆழ்ந்து நோக்கத்தக்க பெரும் குடிபெயர்வு ஒன்று உண்டு. அது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியக் குடியானவர்கள் குடும்பம் குடும்பமாகப் பிரேசில் நாட்டிற்குச் சென்ற வரலாறு.

1876 முதல் 1915 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினர். பலர் தனி ஆள்களாகச் சென்று, பொருளீட்டித் திரும்பும் எண்ணம் கொண்டிருந்தனர். ஆனால் வெனெத்தோ, லொம்பார்தியா போன்ற வட பகுதிகளிலிருந்து பிரேசிலுக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் கணவன், மனைவி, குழந்தைகள் எனக் குடும்பத்தோடு புறப்பட்டவர்கள். திரும்பும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. அவர்கள் உழுத நிலம் பிறருடையது. விளைச்சலில் பாதி நிலவுடைமையாளருக்குப் போயிற்று. 1869 முதல் மாவு அரைப்பதற்குக்கூட வரி விதிக்கப்பட்டது. நாள்தோறும் மக்காச்சோளக் களியையே உண்டு வாழ்ந்ததால் 'பெல்லக்ரா' என்னும் நோய் பரவிற்று. தோல் வெடித்து, வயிறு கெட்டு, இறுதியில் சித்தமும் கலங்கும் கொடிய நோய் அது. வறியவர் உணவில் ஒரு சத்துக் குறைந்ததே அதன் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

இந்நிலையில் ஊர் ஊராகத் தரகர்கள் வந்தனர். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றவர்கள் அவர்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு நம் மக்களை அழைத்துச் சென்ற கங்காணிகளை அறிந்த நமக்கு அவர்களுடைய பேச்சைக் கற்பனை செய்வது கடினமன்று. பிரேசில் அரசும் சாவோ பாவுலோ மாநிலமும் கப்பல் கட்டணத்தைத் தாமே செலுத்த முன்வந்தன. 1888 மே 13-இல் அந்நாட்டில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. காப்பித் தோட்டங்களுக்கு உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. தனி ஆளைவிடக் குடும்பமே அவர்களுக்கு ஏற்றதாயிருந்தது. ஏனெனில் குடும்பம் எளிதில் ஓடிப்போகாது. குழந்தைகளின் கைகளும் வேலைக்கு உதவும்.

புறப்பட முடிவு செய்த குடும்பங்கள் தம்மால் இயன்றவரை திட்டமிட்டே புறப்பட்டன. மாட்டையும் கட்டிலையும் விற்றுக் கடனை அடைத்தனர். ஒரு மரப்பெட்டிக்குள் எஞ்சிய குடித்தனம் அடங்க வேண்டும். கோடரி, அரிவாள் போன்ற கருவிகள், களி கிண்டும் செப்புப் பானை, விதைகள், துணிமணிகள், செபமாலை, புனிதர் படங்கள் ஆகியவை அதில் இடம்பெற்றன. திராட்சைக் கொடியின் தண்டுகளை வெட்டி எடுத்துச் சென்றவர்களும் உண்டு. போகும் இடத்தில் நட்டு வளர்க்கலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

அவர்களுள் எத்தனையோ குடும்பங்கள் இரயிலேறி ஜெனோவா துறைமுகத்தை அடைந்தன. ஒருநாள் மிலான் இரயில் நிலையத்தின் வழியே சென்ற ஆயர் ஒருவர், அங்கே முந்நூறு, நானூறு ஏழைகள் மூட்டை முடிச்சுகளோடு காத்திருப்பதைக் கண்டார். முதியோர், இளைஞர், குழந்தைகளை ஏந்திய தாய்மார்! அனைவரும் அமெரிக்கக் கண்டத்திற்குப் புறப்பட்டவர்கள். அவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி அவரை விடாது தொடர்ந்தது. அவர்தாம் பியாச்சென்சா மறைமாவட்டத்தின் ஆயர் ஜொவான்னி பத்திஸ்தா ஸ்கலபிரினி. 1887-இல் அமெரிக்காவில் இத்தாலியரின் குடியேற்றம் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் குடிபெயர்ந்தோருக்கெனத் துறவற சபை ஒன்றை நிறுவினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 அக்டோபர் 9-இல் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இப்பணியில் ஸ்கலபிரினிக்கு முன்னோடியாக விளங்கியவர் ஒரு பொதுநிலையினர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஜெர்மனியின் லிம்புர்க் நகர வணிகர் பீட்டர் பவுல் காஹென்ஸ்லி 1871-இல் புனித இரபேல் சங்கத்தை நிறுவினார். இளம் தோபியாவின் பயணத்தில் வழித்துணையாகச் சென்ற அதிதூதரின் பெயரையே அச்சங்கம் தாங்கிற்று. துறைமுகத்தில் நம்பத்தக்க ஆலோசனை, தங்குமிடம், திருவருட்சாதனங்கள், அக்கரையில் வரவேற்பு ஆகியவையே அதன் பணி. அதே பெயரில் இத்தாலியச் சங்கத்தை ஸ்கலபிரினி 1889-இல் தோற்றுவித்தார். தரகர்களின் கொள்ளையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்று அவர் இடையறாது குரல் எழுப்பினார். 1901 ஜனவரி 31-இல் இத்தாலி அத்தகைய சட்டத்தை இயற்றிற்று. அதன்பின் உரிமம் பெற்றவர்களே குடிபெயர்வோரைக் கப்பலில் ஏற்ற முடிந்தது.

ஆயினும் கடல் நடுவே நேர்வதை எச்சட்டம் தடுக்க இயலும்? லூக்கா பகுதியில் பங்குத்தந்தையாக இருந்த ஜுசேப்பே மார்கெத்தி என்னும் இளம் குரு, தம் மக்களில் பலர் ஊரை விட்டுப் போவதைக் கண்டு வருந்தி ஸ்கலபிரினியோடு இணைந்தார். பிரேசிலுக்குச் செல்லும் கப்பலில் மக்களோடு தாமும் பயணம் செய்தார். அத்தகைய ஒரு பயணத்தில் இளம்தாய் ஒருத்தி கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்தாள். கணவன் துயரம் தாங்காது தவித்தான். அக்குழந்தையைத் தாமே காப்பதாக வாக்களித்தார் குரு. கரை இறங்கியதும் குழந்தையைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் சென்று அடைக்கலம் தேடினார். அந்த வாக்கிலிருந்தே 1895-இல் சாவோ பாவுலோவில் ஓர் அனாதை இல்லம் எழுந்தது. அதற்குத் துணைபுரியத் தம் தாயையும் தங்கை அசுந்தாவையும் இத்தாலியிலிருந்து அழைத்துச் சென்றார். 1896 டிசம்பர் 14-இல், தமது 27-ஆம் வயதில், நச்சுக்காய்ச்சலால் மார்கெத்தி இறந்தார். தங்கை அப்பணியைத் தொடர்ந்தார். 2014-இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

சாவோ பாவுலோவில் 1887-இல் திறக்கப்பட்ட பெரிய குடியேறிகள் விடுதி, வந்திறங்கியவர்களுக்குச் சில நாள்கள் உணவும் உறைவிடமும் அளித்தது. அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரு குடும்பம் இத்தனை ஆயிரம் செடிகளைப் பேண வேண்டும் என்பது ஒப்பந்தம். தோட்டக்கடையில் கடன் ஏறிற்று, அபராதங்கள் பெருகின. நேற்றுவரை அடிமைகளை ஆண்டு பழகிய முதலாளிகள் கூலியாள்களையும் அவ்வாறே நடத்த முற்பட்டனர். இச்செய்திகள் எட்டியபின், 1902-இல் இத்தாலிய அரசு, பிறர் செலவில் பிரேசிலுக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது.

தெற்கே ரியோ கிராந்தே தோ சுல் பகுதிக்குச் சென்றவர்களின் கதை வேறு. 1875 முதல் அங்கே காடடர்ந்த மலைச்சாரலில் அவர்களுக்கு நிலம் கடனாக வழங்கப்பட்டது. சொந்த நிலம் வேண்டும் என்ற கனவு நிறைவேறிற்று. ஆனால் காட்டைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. முதல் ஆண்டுகளில் அங்குள்ள ஊசியிலை மரங்களின் கொட்டைகளை வேகவைத்துத் தின்று பசியாறினர். பெட்டியில் பேணிக் கொண்டுவந்த திராட்சைத் தண்டுகள் என்ன ஆயின? பெரும்பாலானவை புதிய மண்ணில் நோயுற்று நலிந்தன. 1824 முதலே அப்பகுதியில் குடியேறியிருந்த ஜெர்மானியரிடம் 'இசபெல்லா' என்னும் அமெரிக்கத் திராட்சை வகை இருந்தது. அதைப் பெற்று நட்டனர், அது செழித்தது. இன்று பிரேசிலின் புகழ்பெற்ற திராட்சை நாடாக அப்பகுதி விளங்குவதற்குத் தொடக்கம், அண்டை வீட்டாரிடமிருந்து வந்த அக்கொடியே.

இன்னொரு செய்தி. அவர்களுக்குப் போதிய குருக்கள் இல்லை. ஆகவே ஊரில் ஓரளவு எழுத்தறிந்த பொதுநிலையினர் ஒருவர் ஞாயிறுதோறும் செபமாலையை வழிநடத்தினார். குழந்தைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தார். இறந்தவர்களைச் செபித்து அடக்கம் செய்தார். இன்று பரோபில்யா எனப்படும் ஊரின் அருகே, 1879-இல் ஒரு சிற்றாலயம் கட்டினர். எந்தப் பாதுகாவலரின் பெயரைச் சூட்டுவது என்ற பேச்செழுந்தது. அப்போது குடியேறி ஒருவர், தம் உடைமைகளோடு கொண்டுவந்திருந்த கரவாஜ்ஜோ அன்னையின் சிறு படத்தை இரவலாகக் கொடுத்தார். கரவாஜ்ஜோ, 1432-இல் அன்னை மரியா காட்சியளித்ததாகப் போற்றப்படும் லொம்பார்திய ஊர். அந்தப் படமே ஆலயத்தின் பெயரை முடிவு செய்தது. இன்று ஆண்டுதோறும் மே 26-ஐ ஒட்டி இலட்சக்கணக்கான திருப்பயணிகள் அத்திருத்தலத்திற்கு வருகின்றனர். பலர் கால்நடையாகவே வருகின்றனர்.

அன்பார்ந்த வாசகர்களே, திட்டமிடுதல் தவறு என்று நான் கூறவில்லை. கோடரி கொண்டுசெல்லாதவன் காட்டில் என்ன செய்வான்? ஆனால் அம்மக்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும் ஒன்று தெளிவாகிறது. அவர்களைக் காத்தவை பெரும்பாலும் பெட்டியில் இருந்தவை அல்ல. துறைமுகத்தில் உண்மை சொன்ன ஒருவர், தாயிழந்த குழந்தையை ஏந்திய ஒருவர், கொடி கொடுத்த அண்டை வீட்டார், செபமாலை சொல்ல முன்வந்த ஓர் உழவர் ஆகியோரே அவர்களைக் காத்தனர். பெட்டியில் இருந்து வந்த அந்தச் சிறு படமும், இரவலாகக் கொடுக்கப்பட்ட பின்னரே ஊருக்கு உரியதாயிற்று. எதை எடுத்துச் செல்வது என்று கேட்பவர்கள், யாரோடு வாழப் போகிறோம், யாருக்கு என்ன கொடுக்கப் போகிறோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது என்னையும் குத்துகிறது. மார்கெத்தி தம் மக்களோடு கப்பலேறினார். நானோ இத்தனை ஆண்டுகளாகச் சான்றிதழில் முத்திரையிட்டுக் கொடுத்து, ஆசியளித்து அனுப்புவதோடு என் கடமை முடிந்தது என்றிருந்தேன். சென்றவர்கள் எந்தப் பங்கில் சேர்ந்தனர், சேர்ந்தனரா, இல்லையா என்று ஒருமுறையேனும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை. அவர்கள் விட்டுச் சென்ற பெற்றோரின் வீட்டுக் கதவையும் அடிக்கடி தட்டியதில்லை.

சான்றிதழ்களை வாங்க அந்தக் குடும்பத்தலைவர் மறுவாரம் வந்தபோது, அவர் குடியேறும் நகரில் உள்ள பங்கின் முகவரியை முதலில் கண்டறியச் சொன்னேன். அப்பங்குத்தந்தைக்கு நானே ஒரு கடிதம் எழுதித் தந்தேன். பிறகு, "அம்மாவைப் பற்றி என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். "இன்னும் பேசலை சாமி" என்றார். "பெட்டி கட்டுவதற்கு முன் பேசிவிடுங்கள்" என்றேன். அந்தத் தாயாருக்கும் ஒரு திருமுழுக்குச் சான்றிதழ் எழுதி, முத்திரையிட்டு, மற்றவற்றோடு சேர்த்தே கொடுத்தேன். அவர் செல்வாராயின் அது பயன்படும். செல்லாவிடில், ஞாயிறுதோறும் அவரைக் கோயிலுக்கு அழைத்து வருவது யார் என்பதை நம் பங்கு மக்கள் அனைவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.